எத்தனை தலையணை

செவ்வாய்க்கிழமைதோறும் ஃபோன் செய்வது என் வேலை.
அறுபத்திரண்டு பேர், ஒரு எக்ஸல் தாள்,
மனாமாவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை.
தொடையில் சின்னதாய் ஒரு துளையிட்டு
இதயம்வரை போய் வால்வைத் திறந்துவிட்டவர்களிடம்
வருடம் முடிந்ததும் கேட்க வேண்டியவை ஐந்து.
படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா
கால் வீங்குகிறதா
மயக்கம் வந்ததா
மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா
இரவில் எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்.

கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள்.
டாக்டருக்கோ அதுதான் முக்கியம்.
வாசல் குறுகினால் ரத்தம் பின்னால் தேங்கும்,
தேங்கினால் நுரையீரல் நனையும்,
நனைந்த நுரையீரல் மல்லாந்து படுக்க விடாது.
தலையணை என்பது
தண்ணீர் ஏற ஏற மனிதன் ஏறி நிற்கும் படி.

முஹர்ரக்கில் உம்மு ஜாசிம், எண்பத்து மூன்று வயது,
மாட்டின் இதய உறையில் தைத்த புது வால்வு.
"ஒன்று. அதுவும் பழக்கத்துக்கு."
மீன் சந்தைக்கு இப்போது தனியாகவே போகிறாளாம்.
ஸாஃபி மீன் விற்கிற விலையை
ஏழு நிமிடம் மூச்சு விடாமல் திட்டினாள்.
குறிப்பில் எழுதினேன்: நன்று.

ஒன்பதாவது வரிசை. மகன் எடுத்தான்.
நாற்பதாம் நாள், பக்கவாதம், காலைத் தொழுகைக்கு முன்.
கேள்விகளை மடித்து வைத்துவிட்டு
தேதியை மட்டும் கேட்டேன்.
அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

பதினேழாவது தவசிக்கனி. முப்பத்து நான்கு.
சாரம் கட்டுகிறவன், ஸித்ரா முகாம்.
சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று
வால்வின் இதழ்களை ஒட்டவைத்துப் போயிருந்தது.
அன்று நான் திரையருகே நின்றேன்.
உடுக்கை மாதிரி இடை சிறுத்த பலூன்,
ஒரு நொடி, இரண்டு நொடி,
இடை காணாமல் போனது.
புள்ளி எட்டு ஒன்று புள்ளி ஒன்பதானது.
சதுர சென்டிமீட்டர். ஒரு கட்டைவிரல் நகம்.
அந்த நகத்தளவு கதவு வழியாகத்தான்
அத்தனை இரும்புக் குழாயும் மேலே போக வேண்டும்.

"முகாம்ல ஒண்ணுதான் குடுப்பாங்க மேடம்,
மீதிக்கு பூட்ஸு, சுருட்டின கவரால்,
எவனாச்சும் லீவுல போனா அவன் பெட்டி"
என்று முன்பு சொன்னவன்,
முதல் மாதம் கூப்பிட்டபோது சொன்னான்:
"நேராப் படுக்கேன் மேடம்.
மேல்கட்டில் பலகைக்கு அடியில
யாரோ கடன் கணக்கு எழுதிருக்கான்.
இத்தனை நாளா தெரியல."

இவ்வளவு நல்ல முடிவு
எங்கள் தாளில் வேறு யாருக்கும் இல்லை.
நல்ல முடிவைக் கம்பெனியும் படித்தது.
இதயம் என்ற சொல் இருந்தது கோப்பில்.
'உயரத்தில் ஏறத் தகுதியற்றவர்.'
ஒரு முத்திரை, ஒரு டிக்கெட்.

இன்று அதே எண்ணுக்கு அடித்தேன்.
"தவசிக்கனியா?"
"இல்ல மேடம், சிம்ம அண்ணன் எனக்குக் குடுத்துட்டுப் போனாரு.
கட்டிலும்... அவருதுதான்."

வைத்திருக்கலாம்.
'தொடர்பில் இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது,
நானே அதற்குச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறேன்.
ஆனால் 'கட்டிலும்' என்பதற்கும்
'அவருது' என்பதற்கும் நடுவில்
ஒரு மூச்சு நின்றிருந்தது.

எந்த விதியிலும் இல்லாமல்
ஐந்தாவது கேள்வியை மட்டும் கேட்டேன்.

"தலையணையா..." சிரித்தான்.
சிரிப்பை முடிக்க அவனுக்குக் காற்று போதவில்லை.
"சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கிருவேன் மேடம்.
ஏன்?"

செவ்வாய் வா என்றேன். எக்கோ இலவசம்,
ஊசிக்குத்து மாதிரிதான், மறுநாளே நடக்கலாம்
என்று எனக்கு மனப்பாடமானதையெல்லாம் சொன்னேன்.
எல்லாம் உண்மை.
அண்ணன் எப்படி ஊருக்குப் போனார் என்பதும்
அவனுக்குத் தெரிந்த உண்மை.

உன் பெயர் என்ன என்று கேட்டேன்.

லைன் துண்டாகவில்லை.
மூச்சு கேட்டது,
இன்னொரு மூச்சு கேட்டது.
பெயர் வரவில்லை.